நைதரசனும் 'கழிவு' எனும் சொல்லும்: ஒரு விமரிசனக் குறிப்பு

கழிவுநீர் பற்றிய தொழினுட்ப எழுத்துக்களை ஆராய்தல் இலக்கிய மாணவரின் பணியன்று எனக் கூறப்படலாம். ஆயின் 'கழிவு', 'நீக்கம்', 'சிக்கனம்' ஆகிய சொற்கள் எவ்வுற்பத்தி உறவுகளிலிருந்து பொருள் பெறுகின்றன என்பது எமது துறைக்குப் புறம்பான வினாவன்று.

நகரக் கசடு காற்றின்றிய சமிபாட்டுக்கு உட்படுகையில் சிதையத்தக்க காபனின் பெரும்பகுதி உயிர்வாயுவாக வெளியேறுகின்றது. புரதங்களிலிருந்த நைதரசனோ அமோனியமாகி நீரிலே தங்கிவிடுகின்றது. வழமையான முறையில் ஒருவகைப் பற்றீரியாக்கள் ஒட்சிசன் கொண்டு அதனை நைத்திரேற்றாக்க, வேறுசில காபனை உண்டு நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்குகின்றன. ஆனால் உண்பதற்குரிய காபன் முன்னரே மெதேனாகப் போய்விட்டது! எனவே மெதனோலை விலைகொடுத்து வாங்கி ஊற்ற நேர்கின்றது.

1977இல் வியன்னாவின் இரசாயனவியலாளரும் கம்யூனிஸ்டுமான எங்கெல்பேர்ட் புறோடா, அமோனியத்தை நைத்திரைற்றினால் ஒட்சியேற்றி வாழும் உயிரி இருத்தல் வேண்டுமென வெப்ப இயக்கவியற் கணிப்பிலிருந்து எடுத்துக் கூறினார். அனுபவவாதிகள் சிந்திக்கவேண்டிய செய்தி இது. 1990களில் நெதர்லாந்தின் டெல்வ்ற் நகரில் ஈஸ்ற் ஆலைக் கழிவுநீர்த் தாங்கியொன்றில் அந்நிகழ்வு அறியப்பட்டது. 1999இல் உயிரி இனங்காணப்பட்டது. 2002இல் றொட்டர்டாமில் முழு அளவிலான முதலாவது அனமொக்ஸ் தாங்கி நிறுவப்பட்டது. இரட்டிப்பதற்கு ஏறத்தாழ 11 நாட்கள் எடுக்கும் இப்பற்றீரியா தாங்கியை நிரப்பத் திட்டமிட்டதிலும் நீண்டகாலம் சென்றது. முதலீட்டின் அவசரம் அதனை அசைக்கவில்லை. பயனோ பெரிது: மெதனோல் வேண்டியதில்லை, ஒட்சிசன் தேவையும் பாதிக்குமேல் குறைகின்றது.

இவை மெச்சத்தக்கனவே. அமோனியத்தை ஆற்றில் விடுதல் மீன்களைக் கொல்லும் என்பதையும் நாம் மறக்கவில்லை. எமது கருத்து வேறுபாடு 'சிக்கனம்' என்ற சொல்லிலே தொடங்குகின்றது. 1913இல் ஜேர்மனியின் ஒப்பௌ ஆலையில் தொடங்கிய ஹாபர்–பொஷ் முறை, உயரமுக்கத்திலும் வெப்பத்திலும் பெருஞ்சக்தி செலவிட்டுக் காற்றின் நைதரசனை அமோனியாவாக்குகின்றது. அது உரமாகி, உணவாகி, மலசலமாகிச் சாக்கடையை அடைந்ததும் சுத்திகரிப்பு நிலையம் அதனைக் காற்றுக்கே திருப்பி அனுப்புகின்றது. ஒன்று உற்பத்திக் கணக்கில், மற்றையது மாநகரசபைக் கணக்கில். இரண்டையும் சேர்த்துக் கூட்டுவார் இலர். லீபிக்கைக் கற்ற மார்க்ஸ், 'மூலதன'த்தின் மூன்றாம் பாகத்தில், இலண்டன்வாசிகள் 45 இலட்சம் பேரின் மலம் பெருஞ்செலவில் தேம்ஸை மாசாக்குவதைக் கண்டித்தார். இன்று ஆறு காக்கப்படலாம். நைதரசன் மட்டும் மண்ணுக்கு மீளவில்லை.

சமிபாட்டு நீரின் அமோனியாவை வாயுவாகப் பிரித்துச் சல்பூரிக்கமிலத்திற் பிடித்தால் அமோனியம் சல்பேற்று உரம் கிடைக்கும். அது ஆலையுரத்தோடு விலையிற் போட்டியிட இயலாதென்பது தொழினுட்பக் கட்டுரைகளில் இயற்கைவிதி போலவே எழுதப்படுகின்றது. 2022இல் எரிவாயு விலையேற்றத்தால் ஐரோப்பாவின் அமோனியா ஆலைகள் பல உற்பத்தியைக் குறைத்தன, சில மூடப்பட்டன. அவ்வாண்டிலும் சுத்திகரிப்பு நிலையங்கள் அமோனியத்தை வாயுவாக்கும் பணியையே செவ்வனே செய்துகொண்டிருந்தன.