கருவுற விரும்பாமையும் தத்தெடுப்பும்: தமிழ்ப் பனுவல்களில் பெண்ணுடல் குறித்த அச்சம்

முன்னுரை

பாகூர், வில்லியனூர் முதலிய புதுச்சேரிக் கொம்யூன்களிலும் அவற்றை அடுத்த தமிழகச் சிற்றூர்களிலும் புதிதாக மணமான பெண்ணை நோக்கி முதலில் எழும் வினா, ‘விசேஷம் உண்டா?’ என்பதாகும். ‘இயலவில்லை’ என்னும் விடை இரக்கத்தைப் பெறுகிறது; ‘விரும்பவில்லை’ என்னும் விடையோ பழியைப் பெறுகிறது. கருவுறுதலால் தன் உடல் அடையும் மாற்றத்திற்கு அஞ்சி, தத்தெடுத்துத் தாயாக விரும்பும் பெண்ணுக்குத் தமிழ்ப் பனுவல்கள் அளிக்கும் இடம் யாது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கருத்தடை குறித்த இரு வாதங்கள்

புதுச்சேரிக் கவிஞரான பாரதிதாசனின் முதல் கவிதைத் தொகுதி (1938) ‘தவிப்பதற்கோ பிள்ளை?’ என்னும் பாடலைக் கொண்டுள்ளது. வறுமையில் உழலும் குடும்பத்தில் மேலும் பிள்ளை பிறப்பதன் துயரை முன்வைத்தே அப்பாடல் கருத்தடையை வேண்டுகிறது. பெரியார் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் வேறொரு நிலைப்பாட்டை எடுக்கிறார். உடல்நலம், குடும்பச் சொத்து, நாட்டு நலன் முதலிய காரணங்களைக் காட்டிலும் பெண்ணின் விடுதலையையே கருத்தடைக்கு அடிப்படையாக அவர் கொள்கிறார். முன்னவரின் வாதம் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பற்றியது. பின்னவரின் வாதம் பெண்ணின் உரிமையைப் பற்றியது. தன் உடலின் தோற்றம் குறித்த பெண்ணின் கவலை இவ்விரண்டிலும் தனிக் காரணமாக இடம்பெறவில்லை. எனினும், விடுதலையே அடிப்படை எனில், மறுப்பதற்கான காரணத்தைப் பிறர் எடைபோடுதல் அவ்விடுதலையோடு முரண்படும். ஆகவே பெரியாரின் வாதம் இக்கவலைக்கும் இடமளிக்க வல்லது.

உடலை அளக்கும் பார்வை

இக்கவலையை வெறும் ஒப்பனை மோகம் எனக் கருதுவோர் அதன் தோற்றுவாயைக் காணத் தவறுகின்றனர். அம்பையின் ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ சிறுகதையில், பூப்பெய்திய சிறுமி ஊர் சென்றிருக்கும் தாயின் வருகைக்காக ஏங்குகிறாள். உறவுப் பெண்ணொருத்தி கறுப்பென ஒதுக்கப்பட்ட கசப்போடு திரும்பும் தாய் மகளிடம் கடுஞ்சொல் உதிர்க்கிறாள். தன் உடலைப் பிறர் கண்ணால் அளக்க அச்சிறுமி அக்கணத்தில் கற்கிறாள். பூப்பு முதல் மணம் வரை நிறத்தையும் வடிவத்தையும் தகுதியாக விதிக்கும் சமூகமே, கருவுறும் பருவத்தில் அவற்றை எண்ணுபவளைத் தன்னலக்காரி என்கிறது. அவ்வச்சம் அவளுக்குக் கற்பிக்கப்பட்டது. கற்பித்தோரே அதற்காக அவளைப் பழிக்கின்றனர்.

தத்தெடுப்பு: ஈடா, தேர்வா?

பொதுவழக்கில் தத்தெடுப்பு மகப்பேறின்மைக்கான ஈடாகவே கருதப்படுகிறது. மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) இவ்வரிசையை மாற்றுகிறது. ஏதிலிக் குழந்தையைத் தத்தெடுப்பதற்காகவே திருச்செல்வனும் இந்திராவும் மணம் புரிகின்றனர். இந்திரா கருவுறுவதற்கு முன்பே தாயாகிறாள். ஆயினும் பின்னர் அவள் இரு மகன்களைப் பெறுவதால், பெறாமலே நிறைவுறும் தாய்மையைத் திரைப்படம் சோதித்துப் பார்க்கவில்லை.

சட்டம் இதில் ஒருபடி முன்னே நிற்கிறது. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டம் மணமான பெண்ணுக்குத் தன் பெயரில் தத்தெடுக்கும் உரிமையை வழங்கவில்லை; 2010ஆம் ஆண்டுத் திருத்தம் கணவனின் ஒப்புதலோடு அவ்வுரிமையை வழங்கியது. மகப்பேறின்மைக்கான மருத்துவச் சான்றை அச்சட்டம் கோரவில்லை. சட்டம் கேளாத காரணத்தை ஊரும் உறவும் கேட்கின்றன.

எனினும் தத்தெடுப்பைப் பெண்ணின் உரிமையாக மட்டும் வாசிப்பது குறையுடையதாகும். பெற்ற தாயைத் தேடிச் செல்லும் சிறுமி அமுதா, குழந்தைக்கும் ஒரு வரலாறு உண்டென நினைவூட்டுகிறாள். கருவுறுதலைத் தவிர்க்கும் வழியாக மட்டும் குழந்தையைக் கருதலாகாது. அதனைக் குழந்தையாகவே வேண்டுதல் இன்றியமையாதது.

முடிவுரை

வறுமையையும் விடுதலையையும் கருத்தடைக்கான காரணங்களாக ஏற்ற தமிழ்ச் சிந்தனை, உடல் குறித்த அச்சத்தை இன்னும் பேசத்தக்க காரணமாக ஏற்கவில்லை. அதனை ஏற்றல் அவ்வச்சத்தைப் போற்றுவதாகாது. அது பிறக்கும் இடத்தை வெளிப்படுத்துவதாகும். ‘விசேஷம் உண்டா?’ என்னும் வினாவுக்குப் பெண் அச்சமின்றி உண்மை விடை கூறும் நிலையிலேயே தத்தெடுப்பு ஆறுதலாக அன்றித் தேர்வாக அமையும்.