வெண்திரையும் காலமும்: சுகிமோட்டோவின் புகைப்படங்கள் பற்றிய ஒரு நோக்கு

புகைப்படம் ஒரு கணத்தை நிறுத்திக் காட்டுவது என்பது பெருவழக்கான கருத்து. 1948இல் டோக்கியோவிற் பிறந்த ஹிரோஷி சுகிமோட்டோவின் படைப்புகளை அக்கருத்தைக் கொண்டு அளக்க இயலாது. நியூயோர்க்கில் வாழ்ந்த காலத்தில், 1970களின் பிற்பகுதியில், அவர் தொடங்கிய 'திரையரங்குகள்' என்னும் வரிசை, கணத்தையன்றிக் காலத்தின் நீட்சியையே ஒரு படத்துள் அடக்க முயல்கின்றது.

அவரது முறை எளியது. அரங்கிலே பெரிய கமெராவொன்றைத் திரையை நோக்கி நிறுத்துகின்றார்; திரைப்படம் தொடங்கும்போது அதன் வில்லையைத் திறந்து, முடியும்போது மூடுகின்றார். வினாடிக்கு 24 சட்டகங்கள் வீதம், இரண்டு மணிநேரத் திரைப்படமொன்றில் 172,800 சட்டகங்கள் உள. அவையனைத்தும் ஒன்றன்மேலொன்றாகப் பதியும்போது கதையும் மாந்தரும் மறைய, வெள்ளொளி வீசும் வெற்றுச் செவ்வகமே எஞ்சுகின்றது.

இதனை வெறும் உத்தி விளையாட்டெனத் தள்ளிவிடலாமா? திரையினின்றும் கண்ணை எடுத்து மண்டபத்தை நோக்குவோர் அவ்வாறு கூறார். அமெரிக்கத் திரைப்படத் தொழில் செழித்த 1920களிலும் 1930களிலும் எழுந்த மாளிகை போன்ற அரங்குகள் பல இவ்வரிசையில் இடம்பெறுகின்றன. அவற்றின் சிற்ப வேலைப்பாடுகளும் மாடங்களும் இருக்கைகளும் அத்திரையின் ஒளியாலேயே புலப்படுகின்றன. கதையை அழித்த ஒளியே, கதையில் மூழ்கியோர் காணாத மண்டபத்தை நமக்குக் காட்டுகின்றது. உத்தி இங்கு பொருளோடு ஒன்றிவிடுகின்றது.

1980இல் தொடங்கிய 'கடற்காட்சிகள்' வரிசையை நோக்குமிடத்து நமக்கு ஓர் ஐயம் எழுகின்றது. நீரும் வானும் சரிபாதியாகப் பிரிந்து நிற்கும் இப்படங்களில் கப்பலில்லை, கரையில்லை, மனிதரில்லை. ஆதிமனிதன் கண்ட காட்சியை இன்றைய மனிதனும் காணமுடியுமா என்பதே சுகிமோட்டோ எழுப்பும் வினா. அவ்வினா ஆழமானதே. ஆயினும் 'கரிபியன் கடல், ஜமெய்க்கா, 1980' என்னும் படத்தின்முன் நிற்கும்போது, ஆபிரிக்க மக்கள் அடிமைகளாக நூற்றாண்டுக் கணக்கிற் கொண்டுசெல்லப்பட்ட கடலன்றோ இது என எண்ணாதிருக்க முடியவில்லை. அவ்வரலாற்றின் சுவடு படத்தில் இல்லை. இடத்தையும் ஆண்டையும் தலைப்பு மட்டுமே தாங்கி நிற்கின்றது. மனிதனை நீக்கிவிட்டுக் காணும் காலம் தூயதாகத் தோன்றலாம். ஆனால் அது மனிதர் வாழ்ந்த காலம் அன்று.

இக்குறையைப் பிற்காலத்துக் 'கைவிடப்பட்ட திரையரங்குகள்' ஈடுசெய்கின்றன எனலாம். 2015ஆம் ஆண்டிற்குரிய நியூவார்க் பரமவுண்ட் அரங்கின் படம் இவ்வகையினது. இயங்காதொழிந்த இத்தகைய அரங்குகளில் அவரே திரை அமைத்துப் படமோட்டினார். முன்னர் அலங்காரங்களைத் துலக்கிய அதே ஒளி, இங்கு உரிந்த சுவர்களையும் சிதைந்த கூரையையும் துலக்குகின்றது. ஒரு தொழிலின் எழுச்சியும் அது கைவிட்டுச் சென்ற கட்டடங்களின் வீழ்ச்சியும் இவ்விரு நிலைகளுக்குமிடையே அடங்கியுள்ளன.

நாலடியாரின் முதல் மூன்று அதிகாரங்கள் செல்வம், இளமை, யாக்கை ஆகியவற்றின் நிலையாமையைக் கூறுவன. அங்கு நிலையாமை அறவுரைக்கு அடிப்படை. சுகிமோட்டோ அறம் உரைப்பவரல்லர். எனினும் எது நிலையாது, யார் கட்டியது, ஏன் கைவிடப்பட்டது என்னும் வினாக்களை அவரது அரங்குகள் நம்மிடம் எழுப்புகின்றன, கடல்கள் எழுப்புவதில்லை. அதனாலேயே அரங்குகளை அவரது உயர்ந்த சாதனையாகக் கொள்கின்றோம்.