‘இறைவி’: யாருடைய சிலை, யாருக்கு விடுதலை?

கார்த்திக் சுப்புராஜின் ‘இறைவி’ 2016இல் வந்தபோது அதைப் பெண்விடுதலைப் படம் என்று கொண்டாடியவர்கள் உண்டு. ஆண்கள் தங்களையே நினைத்து அழும் படம் என்று சொன்னவர்களும் உண்டு. அந்தச் சண்டை எப்படியோ போகட்டும். என்னை உறுத்துவது அதில் வரும் சிலைகள்.

தயாரிப்பாளர் முடக்கிப்போட்ட தன் சினிமாவை மீட்க இயக்குநர் அருளுக்குப் (எஸ்.ஜே. சூர்யா) பணம் வேண்டும். தம்பி ஜெகன் (பாபி சிம்ஹா) வழிகாட்ட, குடும்ப விசுவாசி மைக்கேல் (விஜய் சேதுபதி) கூட வர, கோயில் சிலையைத் திருடி விற்கிறார்கள். பிறகு அந்தத் தயாரிப்பாளரையே மைக்கேல் கொல்கிறான். அருளுக்காகக் கொன்றவன் மைக்கேல். ஜெயிலுக்குப் போனவனும் மைக்கேல். பிள்ளையோடு தனியாக நின்றவள் அவன் பெண்சாதி பொன்னி. முதலாளி வீட்டுப் பிள்ளைக்காக வேலைக்காரன் கொலை செய்வதை நட்பு என்கிறது படம். எங்க பக்கத்தில் அதுக்கு வேற பேரு: பண்ணையாள்.

தத்துவம் பேசுகிறவன் ஜெகன். கோயிலுக்குள் அடைபட்டிருக்கும் பெண் தெய்வங்களுக்கு நாங்கள் விடுதலை தருகிறோம் என்பது அவன் வாதம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்தக் கோயிலுக்கு வெளியே யாரை நிறுத்தி வைத்தார்கள் என்ற கேள்வி அவனுக்கும் வரவில்லை, படத்துக்கும் வரவில்லை. உள்ளே இருக்கும் உலோகத்துக்கு விடுதலை. உள்ளே விடப்படாத உடம்புக்கு?

இதைத் திருநாவலூரில் இருந்து எழுதுகிறேன். சுந்தரர் பிறந்த ஊர். சுந்தரரும் பரவையும் சேர்ந்திருக்கும் செப்புத் திருமேனி ஒன்று இதே கள்ளக்குறிச்சி மாவட்டத்து வீரசோழபுரம் சிவன் கோயிலில் இருந்தது. 1956இல் அங்கே எடுத்த புகைப்படமே அதற்குச் சாட்சி. பின்னால் அது நின்றது வாஷிங்டனில், ஸ்மித்சோனியன் ஆசியக் கலை அருங்காட்சியகத்தில். திருப்பித் தருவதாக 2026 ஜனவரியில் அறிவித்தார்கள். இந்த வியாபாரத்தின் கனம் தெரிய ஸ்ரீபுரந்தான் நடராசரைப் பார்க்கலாம். அரியலூர் பக்கத்துச் சிற்றூரிலிருந்து திருடிய அந்தச் சிலைக்கு ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008இல் கொடுத்தது 50 லட்சம் அமெரிக்க டாலர். விற்றவர் நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர். 2011இல் ஜெர்மனியில் பிடிபட்டார். சிலைக் கடத்தல் வழக்கில் 2022இல் கும்பகோணம் நீதிமன்றம் 10 ஆண்டு தண்டனை கொடுத்தது. வழக்கு, வாய்தா, வக்கீல் எல்லாம் முறைப்படி.

விருத்தாசலத்துக்குப் பக்கத்து முதனை கிராமத்துக் குறவர் ராஜாக்கண்ணுவுக்கு அந்த முறையெல்லாம் கிடைக்கவில்லை. 1993இல் நகைத் திருட்டுச் சந்தேகத்தில் பிடித்துப் போனார்கள். கம்மாபுரம் காவல் நிலையத்தில் அடித்தே கொன்றார்கள். அவரை இருளராக மாற்றி ‘ஜெய் பீம்’ (2021) சொன்னது அந்தக் கதைதான். சிலை போனாலும் செம்புக் கம்பி போனாலும் ஜீப்பு முதலில் வந்து நிற்கிற தெரு எதுவென்று நமக்குத் தெரியும். ‘இறைவி’யில் அந்தத் தெருவே இல்லை. திருடனும் சாமியும் போலீசும் ஊர்க்காரர்களாகவே இருந்துவிட்டால் திருட்டுகூட எவ்வளவு அழகாகிவிடுகிறது!

எங்க ஆயா சாகிறவரைக்கும் உற்சவர் முகத்தைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. சாமி தெருமுனையோடு திரும்பிடும். சூடத்தை அங்கேயே ஏத்திட்டு வந்துடும் ஆயா. ‘நம் சாமி களவு போனது, நம் பாரம்பரியம் களவு போனது’ என்று எழுதுகிறார்களே, அந்த ‘நம்’முக்குள் ஆயா உண்டா? அடியார் பட்டியலில் திருநாளைப்போவாரையும் சேர்த்துப் பாடியவர் இதே சுந்தரர்தான். பின்னால் வந்த சேக்கிழார் அந்த நந்தனைத் தீயில் இறக்கித்தான் தில்லைக்குள் விட்டார்.

திருடினது சரி என்று சொல்லவில்லை. வீரசோழபுரத்துச் சுந்தரர் வரட்டும், மேளதாளத்தோடு வரட்டும். பரவையும் கூட வருகிறாள். திருவாரூரில் அவளை விட்டுவிட்டுப் போய்த் திருவொற்றியூரில் சங்கிலியைக் கட்டிக்கொண்ட மனுசன் பக்கத்திலேயே நிற்கிறாள். (‘இறைவி’ எடுத்தவர்களுக்கு நல்ல கதை இங்கேதான் கிடந்தது.) ஊர்வலம் எந்தத் தெருவோடு திரும்பும் என்பதை மட்டும் இப்பவே கேட்டு வைக்கணும்.