சுடரில் முறுக்கும் கண்ணாடி இழை

செட்டிகுளத்துத் திருவிழாக் கடையில் கண்ணாடி வளையலை வெயிலுக்கு நேராகப் பிடித்து ரசிக்கிற கண்ணுக்கு, இத்தாலியின் முரானோ தீவு வேலை பார்த்ததுமே பிடித்துப்போகும். தெளிந்த கண்ணாடிக்குள் லேஸ் துணியை வைத்து மூடியதுபோல வெள்ளை இழைகள் சுருண்டு சுருண்டு ஓடும். 1527இல் செரேனா சகோதரர்கள் இந்த முறுக்கிழை வேலைக்கு வெனிஸ் அரசிடம் தனியுரிமை கேட்டார்கள். அன்று உலையில் செய்ததை இன்று மேசைமேல் எரியும் சுடரிலேயே கற்கலாம்.

தெளிந்த கண்ணாடிக் கம்பியின் நுனியை உருக்கித் திரட்டி, பக்கங்களில் வெள்ளை இழைகளைச் சம இடைவெளியில் நீளவாக்கில் ஒட்ட வேண்டும். மறுமுனையில் இன்னொரு கம்பி, பிடிக்காக. உள்வரை ஒரே சீராக இளகியதும் சுடரைவிட்டு வெளியே எடுத்து, முறுக்கிக்கொண்டே இழுக்க வேண்டும். கற்கும் கைக்குச் சோதனை இங்கேதான். அவசரப்பட்டால் நடுவே நூலாக மெலியும். தயங்கினால் முறுக்கு ஏறுமுன் இறுகிவிடும். ஓரிடத்தில் சூடு கூடினால் முறுக்கெல்லாம் அங்கேயே போய்ச் சேரும். இரண்டு கண்ணாடிகளும் சூட்டில் விரியும் அளவு ஒத்துப்போகாவிட்டால், ஆறும்போது விரிசல் விடும்.

முறுக்கிழை வேலைகளில் ரெட்டிசெல்லோ என்ற வகைதான் உச்சம் என்பேன். வலமாக முறுக்கிய குமிழுக்குள் இடமாக முறுக்கியதை நுழைத்தால் இழைகள் வலையாகும். ஒவ்வொரு கண்ணிலும் ஒரு துளிக் காற்று சிக்கும்.

கண்ணாடியை இழுப்பது நமக்குப் புதிதல்ல. அரிக்கமேட்டில் ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன்பே கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, நறுக்கி, மணி செய்தார்கள். ஆந்திரத்தின் பாபாநாயுடுபேட்டையில் அந்த முறை நம் காலம்வரை பிழைத்திருந்தது.