தார்ப்பாயும் பட்டாவும்

டெல்டாவில் ஒரு குடிசை ஒரே நாளில் விழுவதில்லை. காற்று முதலில் கீற்றைப் பிய்த்துக்கொண்டு போகும், மண்சுவர் நிற்கும். மறைப்பில்லாத சுவரில் அடுத்த மழை இறங்கும்போது மண் ஊறி, அடி கரைந்து, இரண்டு மூன்று நாளில் சுவரும் சரியும். அதற்குள் ஒரு தார்ப்பாயும் கொஞ்சம் கயிறும் கிடைத்தால் பாதி வீடு மிஞ்சும். பத்து கிலோ அரிசி பசியாற்றும், சுவரைக் காப்பாற்றாது. இழந்தவருக்கு எது தேவையோ அது, தேவைப்பட்ட நாளில் போய்ச் சேர்ந்ததா? கஜா புயல் நிவாரணத்தை இந்த ஒரு கேள்வியை வைத்தே எடைபோட விரும்புகிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. விடிந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கமெல்லாம் தென்னந்தோப்புகள் சாய்ந்து கிடந்தன. முதலில் களத்தில் இறங்கியவர்கள் ஊர் இளைஞர்கள். அரிவாளும் கோடரியுமாகப் போய்ச் சாலை மரங்களை வெட்டி வழி திறந்தார்கள். மின்கம்பங்கள் விழுந்ததால் மேல்நிலைத் தொட்டிகளில் நீர் ஏறவில்லை. ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிப்போய் மோட்டாரை ஓட்டினார்கள். வெளியூர் மின் ஊழியர்கள் வந்து இடுப்பளவு சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். மூன்று மாதம் முன்புதான் வெள்ளத்தில் மூழ்கி எழுந்த கேரளம் 10 கோடி ரூபாய் கொடுத்தது. உத்தரவுக்குக் காத்திராமல் இறங்கிய ஊர் இளைஞர்களின் வேகம்தான் தன்னார்வ உதவியின் முதல் பலம். எந்த அரசு எந்திரத்தாலும் அதை ஈடுசெய்ய முடியாது.

ஆனால் நிவாரண லாரிக்கு ஒரு குணம் உண்டு: தார்ச்சாலை எங்கே முடிகிறதோ அங்கே அதுவும் நின்றுவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் இருந்தவர்களுக்குப் பிஸ்கட்டும் ரொட்டியும் திரும்பத் திரும்ப வந்தன. வாய்க்கால் தாண்டி, வரப்பில் நடந்து போக வேண்டிய தெருக்களுக்கு எதுவும் எளிதில் எட்டவில்லை. அந்தத் தெருக்களில்தான் நடவு நட்டும் களை பறித்தும் பிழைக்கிற கூலிக் குடும்பங்கள் இருக்கின்றன. 2004 சுனாமியின்போதும் இதுவே நடந்தது. கடலோர மீனவர் துயரம் எல்லோர் கண்ணிலும் பட்டது. உப்புநீர் ஏறிய வயலில் வேலை இழந்த தலித் கூலிகள் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் யாரும் தொடாத பழைய துணிகள் மழையில் மக்கிக் கிடந்தன. கொடுத்தவர் மனம் நிறைந்தது. வாங்கியவர் உடுத்தத்தான் அதில் ஒன்றும் இல்லை.

இன்னொரு காயம் கண்ணுக்குத் தெரியாதது. பேராவூரணிப் பக்கம் மொய் விருந்துக்குப் பேர்போன பூமி. ஆடியிலும் ஆவணியிலும் பந்தி போட்டு, வந்த பணத்தை நோட்டில் எழுதி, முறை வரும்போது திருப்பிச் செய்கிற ஊர்கள் அவை. அங்கே உதவி என்பது ஒருவருக்கொருவர் கைமாற்று. அதில் யாரும் தாழ்ந்தவரில்லை. அப்படிப்பட்டவர்களை வரிசையில் நிறுத்தி, அரிசிப் பையோடு படம் எடுத்தபோது அவர்கள் கூசிப்போனார்கள். உதவி செய்ததற்கு ஆதாரம் வேண்டும் என்பது நியாயம்தான். அதற்கு மொய் நோட்டுப் போல ஒரு கணக்குப் போதும், முகம் தேவையில்லை.

காலக்கணக்கிலும் கோளாறு இருந்தது. விழுந்த தென்னை ஒன்றுக்கு அரசு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவித்தது. புதிதாக வைத்த கன்று காய்க்க ஐந்தாறு வருடமாவது ஆகும். நன்கொடையின் ஆயுளோ இரண்டு மூன்று வாரம்தான். அதைத் தாண்டியும் நின்றவர்கள் குறைவு. பேராவூரணியில் புயலுக்குப் பின் ஒன்றுசேர்ந்த ‘கைஃபா’ இளைஞர்கள் அதில் ஒரு நல்ல விதிவிலக்கு. நிவாரணப் பொருட்கள் தீர்ந்த பிறகும் கலையாமல், 2019இல் பெரியகுளத்தைத் தூர்வாரினார்கள்.

இனி வீடு. முழுதாக அழிந்த குடிசைக்கு 10,000 ரூபாய், பகுதி சேதத்துக்கு 4,100 ரூபாய் என்றது அரசு. கணக்கெடுக்க வந்தவர் கண்ணில் நின்ற சுவர் மறுவாரம் விழுந்தால் அது எந்தக் கணக்கு? பிறகு ஒரு லட்சம் கான்கிரீட் வீடுகள் என்ற அறிவிப்பும் வந்தது. அரசு கட்டினாலும் அறக்கட்டளை கட்டினாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: மனைப்பட்டா இருக்கிறதா? ஆற்றுப் படுகையிலும் வாய்க்கால் புறம்போக்கிலும் கோயில் மனையிலும் தலைமுறையாகக் குடியிருப்பவரிடம் அது இல்லை. ஆக, எவர் வீடு முதலில் விழுந்ததோ அவருக்கே வீடு கடைசியில் வருகிறது, அல்லது வராமலே போகிறது. இது நன்கொடையாளரின் கஞ்சத்தனத்தால் வந்த குறையல்ல. அவர் பட்டியலை எங்கிருந்து தொடங்கினார் என்பதில் வந்த குறை.

வழி தெரியாமலும் இல்லை. சுனாமிக்குப் பின் 2005 மார்ச்சில் வந்த அரசாணை 172, புது வீட்டைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதியச் சொன்னது. அது பெரிய முன்னேற்றம். ஆனால் பல இடங்களில் ஒப்பந்தக்காரர்கள் மனையில் நின்ற மரங்களை வெட்டிச் சமன்செய்து, ஒரே அச்சில் கான்கிரீட் பெட்டிகளை வரிசையாக வைத்தார்கள். உரிமை கிடைத்தது, நிழல் போனது. இதற்கு வெகு முன்பே, 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட துயரத்துக்குப் பின் இந்த மண்ணில் பணிசெய்ய வந்த சர்வோதயத் தம்பதியர் கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் வேறொரு வரிசையைக் காட்டியிருந்தார்கள். அவர்களின் ‘லாஃப்டி’ அமைப்பு நிலமற்ற குடும்பத்துப் பெண்களின் பெயரில் முதலில் நிலத்தைப் பதிந்தது. வீடு அதற்குப் பிறகுதான்.

பட்டா கொடுப்பது அரசின் வேலை, எங்களால் என்ன செய்ய முடியும் என்று உதவ வருகிறவர்கள் கேட்கலாம். கொடுக்க முடியாது, கேட்கத் துணை நிற்க முடியும். மழையில் நனைந்துபோன ரேஷன் கார்டோடு தாசில்தார் அலுவலக வாசலில் தனியாக நிற்கிற பெண்ணுக்கு, மனு எழுதவும் கிராம நிர்வாக அலுவலரிடம் கூட வரவும் ஓர் ஆள் இருந்தால், அந்த உதவி ஒரு லாரி பிஸ்கட்டைவிடப் பெரிது.

கஜாவின்போது வெளிப்பட்ட கருணையில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த நாட்களில் தமிழர் ஒருவருக்கொருவர் நின்ற விதம் நினைக்க நினைக்க நெஞ்சு நிறைகிறது. கருணையின் வரிசையைத்தான் மாற்ற வேண்டும். ஐப்பசிக்கு முன்பே ஒவ்வொரு ஊராட்சியிலும் தார்ப்பாயும் கயிறும் இருப்பில் இருக்கட்டும். அறுவடை முடிந்த கோடையில், காற்றில்லாத நாட்களில், பட்டா இல்லாத குடிசைகளின் பட்டியலைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானம் போடட்டும். அந்தப் பட்டியலில் வாய்க்காலுக்கு அக்கரையில் இருக்கிற தெருவின் பெயர் முதல் வரியாக இருக்கட்டும்.