கோடு விட்ட இடம்

சென்னை ஓவியர்களோடு பழகியவர்களுக்குத் தெரியும். அங்கே ஒருவரை உயர்த்திச் சொல்ல வேண்டுமென்றால் "அவருக்குக் கோடு நல்லா வரும்" என்பார்கள். வண்ணம், கருத்து, கண்காட்சி எல்லாம் அப்புறம்தான். கே.எம். ஆதிமூலத்துக்குக் கோடு வந்த மாதிரி அவர் தலைமுறையில் அதிகம் பேருக்கு வரவில்லை. அப்படிப்பட்டவர் பிற்காலத்தில் கோட்டை விட்டுவிட்டு வெறும் வண்ணத்துக்குப் போனார். அது நஷ்டமா லாபமா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

வழக்கின் வேர் பழையது. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய கலைப்பள்ளிதான் இன்றைய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி. நெடுங்காலம் அது கைவினைஞர்களை உருவாக்கும் பட்டறையாகவே இருந்தது. 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி வந்த பிறகுதான் ஓவியமும் சிற்பமும் தலைதூக்கின. மெரினாவில் பாறையை நெம்பும் உழைப்பாளர் சிலை அவருடையதே. 1957இல் அவர் இடத்துக்கு வந்த கே.சி.எஸ். பணிக்கர் மாணவர்களுக்கு முன் ஒரு சங்கடமான கேள்வியை வைத்தார்: பாரிஸைப் பார்த்து எழுதாமல், பழைய புராணப் படத்தையும் திரும்ப எழுதாமல், நவீனமாக இருப்பது எப்படி?

பணிக்கரே ஒரு விடை சொன்னார். 1963 வாக்கில் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் ஜாதகக் கட்டம், கணக்குக் குறி, எழுத்து மாதிரி இருந்தும் படிக்க முடியாத கிறுக்கல் எல்லாம் கான்வாஸில் ஏறின. படிப்பதற்காக அல்ல, பார்ப்பதற்காக எழுதப்பட்ட எழுத்து அது. மற்றச் சென்னை ஓவியர்களில் கே.வி. ஹரிதாசன் தாந்திரீக யந்திரத்தின் பக்கம் போனார். எல். முனுசாமி உருவத்தை உடைத்து வண்ணத் திட்டுகளாக்கினார். சந்தானராஜின் கோடு காட்டாறு. ராமானுஜத்தின் பேனாவோ கனவு நகரங்களைப் பின்னியது. பம்பாய்க்காரர்களோடு ஒப்பிட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். அங்கே கெய்தொண்டேயின் படத்தில் வண்ணம் மூடுபனிபோல் கரைந்து கிடக்கும். சென்னைக்காரர்களிடம் அரூபத்துக்கும் ஓர் எலும்பு உண்டு. அந்த எலும்பு, கோடு.

இதற்குக் காரணம் வகுப்பறை மட்டும் என்று நான் நினைக்கவில்லை. காலையில் வாசலில் போடுகிற கோலம், சுவாமிமலை ஸ்தபதி உலோகத்தில் பிடிக்கிற இடுப்பு வளைவு, 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி தஞ்சைப் பெரிய கோயிலில் கண்டெடுத்த சோழர் காலச் சுவரோவியம் — எதை எடுத்தாலும் விளிம்புதான் முதலில் கண்ணில் படுகிறது. இந்த மண்ணில் வளர்ந்த கண் அது.

ஆதிமூலம் துறையூரை அடுத்த கீராம்பூரில் 1938இல் பிறந்தவர். சென்னைக்கு வந்தவருக்கு வழிகாட்டியாக அமைந்தவர் சிற்பி தனபால். 1966இல் கல்லூரிப் படிப்பை முடித்தார். அதே ஆண்டுதான் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்தது. ஓவியத்தை விற்று யாரும் அரிசி வாங்க முடியாத காலம். பாத்திக் துணி எழுதி விற்ற காசில் ஓவியர்கள் அங்கே மணல்மேட்டில் நிலம் வாங்கினார்கள். ஆதிமூலத்துக்குச் சோறு போட்டது நெசவாளர் சேவை மையத்து வேலை. கைத்தறிக்கு டிசைன் எழுதுவதை நம் விமர்சகர்கள் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். பாவுக்கும் ஊடைக்கும் நடுவே நிறங்கள் எப்படிச் சண்டையிடும், எப்படிச் சமாதானமாகும் என்று தினமும் பார்த்த கண்ணுக்கு அது பாடமாக இருந்திருக்காதா?

பெயர் வாங்கிக் கொடுத்தது காந்தி. 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி நூறு காந்தி கோட்டோவியங்களை ஆதிமூலம் காட்சிக்கு வைத்தார். அவற்றில் ஒன்றைக் கிட்டப்போய்ப் பாருங்கள். பேனா முனை ஒரே இடத்தில் குறுக்கும் நெடுக்கும் ஓடிக் கருமையைக் கட்டியிருக்கும். அதற்குப் பக்கத்தில் சட்டென்று காகிதத்தை வெறுமனே விட்டிருப்பார். அந்த வெள்ளைதான் காந்தியின் வழுக்கை, தோள், முதுகு. எழுதாத இடத்தில் ஆள் இருக்கிறார். பின்னால் வரைந்த மகாராஜா ஓவியங்களில் இதே பேனா எள்ளலுக்குப் போனது. தலைப்பாகைக்கும் நகைக்கும் கோடு கோடாக வாரி இறைத்திருப்பார். உள்ளே இருக்கிற மன்னருக்கோ உயிர் போய்க்கொண்டிருக்கும்.

பிறகுதான் எண்ணெய் வண்ணம். பெரிய கான்வாஸ்கள், பெயர் சொல்ல உருவம் ஏதுமில்லை. நீலம் பரந்து கிடக்கும். நடுவே ஒரு காவி வெடித்து நிற்கும். எதிரில் நின்றால் வானம், வயல், மழைக்கு முந்தைய வெளிச்சம் என்று மனம் தானாகப் பெயர் வைக்கப் பார்க்கும், படம் பிடிகொடுக்காது. "கோட்டை விட்டுட்டார்" என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு. அலங்காரமாகிவிட்டது என்றும் சொன்னார்கள். சில படங்களைப் பொறுத்தவரை நானும் அவர்கள் கட்சிதான். வரவேற்பறைச் சுவருக்கென்றே அளவெடுத்ததுபோல் இனிமையாக இருக்கும். ஆனால் நல்ல படங்களில் கண்ணை வண்ணத்தின் நடுவில் வைக்காதீர்கள், விளிம்பில் வையுங்கள். இரண்டு நிறம் முட்டுகிற இடம் கிழிந்த துணியின் ஓரம்போல் இருக்கும். அடியில் போட்ட நிறம் அங்கே எட்டிப்பார்க்கும். அந்த ஓரம் எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்தது நூறு காந்தி எழுதிய அதே கைதான். கோடு மறையவில்லை. மையாக ஓடியது எல்லையாக மாறிவிட்டது. அரூபம் எழுத வருகிற இளைஞர்களுக்குச் சென்னைப் பள்ளி வைக்கிற அளவுகோலும் இதுவே: விட்டுவிடுவதற்கு முதலில் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

இவ்வளவு பெரிய கான்வாஸ்காரர் 'கசடதபற' போன்ற சிறுபத்திரிகைகளுக்கும் எழுத்தாளர்களின் புத்தக அட்டைகளுக்கும் வரைந்தார். தமிழ் எழுத்துகளையே படமாக வளைத்தார். 'ஜூனியர் விகட'னில் கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' வந்தபோது அதற்குப் படம் இவர்தான். கேலரி வாசலை மிதித்தே இராத ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு நவீன ஓவியம் தபால்காரர் கையிலும் பெட்டிக்கடை வழியாகவும் போய்ச் சேர்ந்தது. பணிக்கரும் செய்யாத காரியம் அது.

2008 ஜனவரி 15 அன்று சென்னையில் ஆதிமூலம் காலமானார். அவர் படம் போட்ட 'கரிசல் காட்டுக் கடுதாசி'த் தொடரைக் கிழித்து பைண்டு செய்து வைத்த தாத்தாவோ சித்தப்பாவோ உங்கள் வீட்டில் இருந்தால், பரணில் ஒருமுறை தேடிப் பாருங்கள். பழைய பேப்பர்காரருக்கு எடை போட்டுவிடாதீர்கள்.