நூல் பிடித்த மேசை

மேசையின் வலது மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு அம்மைத் தழும்பு மாதிரி புள்ளிகள். வாங்கிய அன்று துரு என்று நினைத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தபோதுதான் புரிந்தது. புது ராடை ஹோல்டரில் மாட்டியதும் நெருப்பு பிடிக்கிறதா என்று வெல்டர் தட்டிப் பார்க்கும் இடம் அது. ஒவ்வொரு ராடுக்கும் ஒரு தட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் கடுகளவு ஒரு பொட்டு. பல வருஷம் அங்கே நின்றவர் மேசையின் மற்ற இடங்களில் அப்படித் தட்டவே இல்லை. வேலை செய்யும் பரப்பைப் பாழாக்காமல், தேய்ந்தாலும் பாதகமில்லாத ஒரு மூலையைத் தனக்கென்று ஒதுக்கிக்கொண்டிருக்கிறார். முகம் தெரியாத அந்த மனிதர் மேல் எனக்கு அப்போதே மரியாதை வந்துவிட்டது.

வெல்டிங் மேசையில் ரசிக்க என்ன இருக்கிறது என்று வீட்டில் கேட்டார்கள். நாலடிக்கு மூன்றடி இரும்புத் தகடு, கீழே ஆங்கிள் சட்டம், நாலு கால். கேட்டவர்கள் மேல் தப்பில்லை. தச்சன் கடைந்த கட்டில் கால்களை யாரும் ரசிப்பார்கள். இந்த மேசையோ தன்னைப் பார்க்கச் சொல்லாது. இதன் மேல் செய்த கேட் கோணாமல் மூடும்போது, ஸ்டூல் ஆடாமல் நிற்கும்போது, அங்கேதான் இதன் அழகு தெரியும்.

திருச்சிக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. 1965-இல் திருவெறும்பூரில் பெல் கொதிகலன் ஆலை வந்ததிலிருந்து இந்தப் பக்கத்துக்கு வெல்டிங் என்பது விவசாயம் மாதிரி. அதைச் சுற்றி துவாக்குடியில் நூற்றுக்கணக்கான ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் முளைத்தன. 1975-இல் வெல்டிங்குக்கென்றே ஒரு ஆராய்ச்சி நிலையமும் இங்கே வந்தது. அனல் மின் நிலையங்களுக்கான ஆர்டர் குறைந்தபின் பல பட்டறைகளில் ஷட்டர் இறங்கிவிட்டது. எந்திரங்கள் ஏலம் போயின, கூடவே மேசைகளும். என் மேசை அப்படிப் பழைய இரும்புக் கடைக்கு வந்தது. அதைக் கேஸ் கட்டிங்கில் நாலு துண்டாக்கி உலைக்கு அனுப்ப இருந்தார்கள்.

நான் சட்டைப்பையிலிருந்து மீன்பிடி நரம்பையும் எட்டு எம்எம் நட்டு ஐந்தையும் எடுத்ததும் கடைக்காரர் சிரித்தார். “என்ன சார், இரும்புக்குப் போய் நூல் பிடிக்கிறீங்க? வீடா கட்டப் போறீங்க?”

கொத்தனாரிடம் கற்றுக்கொண்ட வித்தைதான். நாலு மூலையிலும் ஒவ்வொரு நட்டு. மூலைக்கு மூலை குறுக்காக, நட்டுகளின் மேல் இரண்டு நரம்புகளை விறைப்பாக இழுத்துக் கட்டவேண்டும். நடுவில் இரண்டும் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் உரசினால் நாலு மூலையும் ஒரே தளத்தில் இருக்கின்றன. மேல் நரம்பு தூக்கி நின்றாலோ, கீழ் நரம்பு அதைத் தள்ளினாலோ மேசையில் முறுக்கு விழுந்திருக்கிறது. பிறகு ஐந்தாவது நட்டை நடுவில், நரம்புக்கு அடியில் நுழைத்துப் பார்க்கவேண்டும். சிக்காமல், இடைவெளியும் விடாமல் நுழைந்தால் நடுவில் குழியும் இல்லை, மேடும் இல்லை. நட்டுகளை ஒரே பொட்டலத்திலிருந்து எடுக்கவேண்டும். ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்துப் பார்த்து ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். தடியும் மெலிசுமாக அதில் பல ரகம்.

அன்று இரண்டு நரம்புகளுக்கும் நடுவே அரை நூல் இடைவெளி இருந்தது. பட்டறைக் கணக்கில் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். ஆக ஒன்றரை எம்எம்முக்குச் சற்று மேல். வேண்டாம் என்று கிளம்பப் பார்த்தவன், மேசை நிற்கும் தரையைக் கவனித்தேன். ஒரு கால் செங்கல் துண்டின் மேல் ஏறியிருந்தது. இரண்டு பேரைக் கூப்பிட்டு அதற்குப் பக்கத்துக் காலைக் கடப்பாரையால் கொஞ்சம் நெம்பச் சொன்னேன். அரை விரல்கடை தூக்குவதற்குள் மேல் நரம்பு மெல்ல இறங்கி வந்து கீழ் நரம்பின் மேல் உட்கார்ந்தது. கோணல் தரையில்தான், தகட்டில் இல்லை. அந்த இரண்டு நரம்புகளும் தொட்ட நிமிஷத்தை, நல்ல கச்சேரியில் சுருதி சேரும் நிமிஷத்தோடு சேர்த்துதான் நான் நினைத்துக்கொள்வேன்.

பதினாறு எம்எம் தகடு. இரும்பு சதுர மீட்டருக்கு, ஒரு எம்எம் கனத்துக்கு 7.85 கிலோ. அந்தக் கணக்கில் மேல்தகடு மட்டும் 140 கிலோ வருகிறது. இவ்வளவு கனம் வீட்டுப் பட்டறைக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். கனம் இரட்டிப்பானால் தகட்டின் விறைப்பு எட்டு மடங்காகும். எட்டு எம்எம் தகட்டில் ஓங்கி இறுக்கிய கிளாம்ப் தகட்டையே வளைத்துவிடும், நாம் வேலைதான் நேராகிறது என்று ஏமாந்துகொண்டிருப்போம். பதினாறு எம்எம் வளைந்து கொடுக்காது. வேலைதான் அதற்கு வளைந்து வரவேண்டும்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கவிழ்த்துப் போட்டபோதுதான் மேசையின் உண்மையான கைவண்ணம் தெரிந்தது. தகட்டை ஆங்கிள் சட்டத்தோடு சேர்த்த வெல்டிங் முழுநீளத்துக்கு ஓடவில்லை. ஒரு அங்குலம் ஓட்டி, ஒரு சாண் விட்டு, மறுபடி ஒரு அங்குலம். அதுவும் சட்டத்தின் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி. அவசரக்காரர் பார்த்தால் ராடுக்குக் கஞ்சத்தனம் பண்ணியிருக்கிறார் என்பார். அது கஞ்சத்தனம் இல்லை. உருகிய இடம் விரியப் பார்க்கும். சுற்றியிருக்கும் குளிர்ந்த இரும்பு விடாது. ஆறும்போது முன்பு இருந்ததைவிடக் குறுகும், குறுகித் தன் பக்கமாகத் தகட்டை இழுக்கும். முழுநீளம் ஓட்டியிருந்தால் தகடு படகு மாதிரி வளைந்திருக்கும். எங்கே வெல்டு வைக்கக்கூடாது என்று தெரிந்தவர் செய்த மேசை இது. அவர் விட்டுவைத்த சாண் இடைவெளிகளை நான் விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன்.

மாற்றங்களில் முதலில் கால்கள். மேசையின் உயரம் 28 அங்குலம். ஆளுயரச் சாமான்களை மேலே ஏற்றி வேலை செய்த பட்டறைக்கு அது சரி. வீட்டில் ஜன்னல் கம்பியும் செடித்தொட்டி ஸ்டாண்டும் செய்கிறவனுக்கு முதுகு போய்விடும். கால்களுக்கு ஒட்டுப் போட்டு 34 அங்குலத்துக்கு ஏற்றினேன். ஒவ்வொரு கால் அடியிலும் இருபது எம்எம் நட்டு ஒன்றைப் பற்றவைத்து அதில் போல்ட் முறுக்கினேன். அந்த போல்ட் ஒரு முழுச் சுற்றுக்கு இரண்டரை எம்எம் ஏறும். ஸ்பேனரை அறுகோணத்தின் ஒரு முகம் மட்டும் நகர்த்தினால் அரை எம்எம்முக்கும் குறைவு. நரம்பைக் கட்டிவைத்துவிட்டு, ஒரு காலில் மட்டும் ஸ்பேனர் போட்டு, நடுவில் நரம்புகள் சேர்வதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ரசமட்டத்தை நான் கடைசியில்தான் வைத்தேன், அதுவும் ஒரு திருப்திக்கு. இந்த மேசை மழைத்தண்ணீர் வடிகிற அளவு சாய்ந்திருந்தாலும் பரவாயில்லை. முறுக்கு மட்டும் இருக்கக்கூடாது.

அப்புறம் தகட்டின் முகம். தெறித்து ஒட்டிய இரும்புத் துளிகள் எங்கும் இருந்தன. ஏஜி-4 கிரைண்டரில் கல்லை மாட்டி அரைமணியில் வழித்துவிடலாம் என்று கை துடித்தது. கல் வழிப்பது துளியை மட்டும் அல்ல; பக்கத்தில் நகக்கண் அளவு ஒரு பள்ளத்தையும் தோண்டிவிட்டுத்தான் போகும். அகலமான உளியைப் படுக்கவைத்துச் சின்ன சுத்தியலால் தட்டினேன். நன்றாகப் பிடிக்காத துளி ‘டிக்’ என்று பறக்கும். பிடித்த துளி மந்தமாகச் சத்தம் கொடுத்து நிற்கும், அதற்கு மட்டும் அரம். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. பளபளப்பாக்கவில்லை. பழைய வடுக்களும், ஓரத்தில் யாரோ சென்டர் பஞ்சால் அடிக்கு ஒரு புள்ளி வைத்துச் செய்த அளவுகோலும் அப்படியே இருக்கின்றன. அந்தப் புள்ளிகளை டேப் வைத்துச் சோதித்தேன். அளவு பிசகவில்லை.

ஜெர்மன் மேசைகளைப் பார்த்தவர்கள் தகடு முழுக்கத் துளை போடச் சொன்னார்கள். 28 எம்எம் துளை, நூறு எம்எம்முக்கு ஒன்று. சின்ன ரகமென்றால் 16 எம்எம் துளை, ஐம்பதுக்கு ஒன்று. துளையில் முளையைச் செருகி எதையும் எங்கும் பூட்டலாம். அருமையான ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் அந்த வரிசை எந்திரத்தில் போட்டு எடுத்தால்தான் மதிப்பு. கையால் நூறு துளை போட்டால் நூறு இடத்தில் நூறு விதமாக விலகும், பிறகு அதை நம்பி மூலைமட்டம் பிடிக்கமுடியாது. நான் பதினாலு துளைகள் மட்டும், கிளாம்ப் எட்டாத நடுப்பகுதியில் போட்டேன். போதும் என்றுதான் இன்றும் தோன்றுகிறது. இரண்டை வீணாகப் போட்டுவிட்டேன் என்றும்.

இனி என் அசட்டுத்தனம். வைஸ் மாட்ட ஓரத்தின் அடியில் ஓரடி ஆங்கிள் ஒன்றை வைத்தேன். அந்த மனிதரின் சாண் இடைவெளிகளை அவ்வளவு வியந்தவன், வைஸ் அசையக்கூடாதே என்று பத்து கேஜ் ராடில் இரண்டு பக்கமும் முழுநீளம் ஓட்டிவிட்டேன். மறுநாள் காலை அந்த ஓரத்தில் இரும்பு அடிக்கோலை வைத்தால் நடுவில் உட்கார்ந்து இரண்டு முனையிலும் வெளிச்சம் தெரிகிறது. ஒரு எம்எம் திமில். அடியில் போட்ட வெல்டு குறுகி, தகட்டின் முனைகளைக் கீழே இழுத்திருந்தது.

தெருவில் ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர் இருக்கிறார். வந்து பார்த்தார், திட்டவில்லை. “தம்பி, எதால கெட்டுதோ அதாலதான் சரி பண்ணணும். சுத்தியலைத் தொடாதீங்க.” மாக்கல்லால் தகட்டின் மேல்பக்கம், திமிலின் முதுகில், ஓரத்துக்கு இணையாக இரண்டு கோடு போட்டார். கேஸ் டார்ச்சைப் பற்றவைத்து முதல் கோட்டின் மேல் நடத்தினார். கொட்டகையின் விளக்கை அணைக்கச் சொன்னார். இருட்டில்தான் மங்கின சிவப்பு சரியாகத் தெரியுமாம், வெளிச்சத்தில் பார்த்தால் கை மிஞ்சிவிடும். சிவப்பு அடுப்பிலிருந்து எடுத்த கரியின் நிறத்துக்கு வந்ததும் நகர்ந்தார், நிற்கவில்லை. முடிந்ததும் அடிக்கோலை வைத்தேன். திமில் கூடியிருந்தது! என் முகத்தைப் பார்த்து, “சூடா இருக்கறப்ப பாக்காதீங்க. டீ போடுங்க” என்றார்.

இரண்டு டீக்குப் பிறகு கை வைக்கிற சூடு. அடிக்கோலின் முனைகளில் வெளிச்சம் பாதியாகியிருந்தது. இரண்டாவது கோட்டை முழுதாகச் சூடுபண்ணாமல் முக்காலோடு நிறுத்தினார். ஏன் என்று கேட்டதற்கு, “போதும்னு தோணுச்சு” என்றார். ஆறியபின் ஃபீலர் கேஜில் மிக மெல்லிய தாள்தான் நுழைந்தது. விரிய விடாமல் பிடித்து ஆறவிட்டால் இரும்பு குறுகும் என்ற அதே விதி. கீழே கெடுத்ததை மேலே திருப்பிப் போட்டார், அவ்வளவுதான். அளவெடுக்காமல் முக்காலில் நின்றாரே, அதைத்தான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கோடுகள் அழியவில்லை. நடுவில் சாம்பல், அதைத் தொட்டு நீலம், பிறகு ஊதா, வெளியே வைக்கோல் மஞ்சள். சாய்ந்த வெயிலில் நீலமும் ஊதாவும் கலந்து மயில்கழுத்துப் பட்டுக் கரை மாதிரி ஓடும். அதைத் தேய்த்துவிடலாமா என்று கேட்டேன். “வேண்டாம், அடுத்த தடவை ராடை எடுக்கும்போது கண்ணுல படட்டும்” என்றார்.

நேர்த்தளத்துக்கு ஆதாரம் எது என்று யோசித்தால் தலை சுற்றும். அடிக்கோல் நேர் என்று எதை வைத்துச் சொல்வது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் இதற்கு விடை சொன்னார், 1840-இல் கிளாஸ்கோவில் அதைப் படித்தும் காட்டினார். இரண்டு தகடுகளை ஒன்றோடொன்று பொருத்திச் சுரண்டினால் ஒன்று குழியாகவும் மற்றது திமிலாகவும் இருந்தே பொருந்திவிடும். மூன்று தகடுகளை மாற்றி மாற்றிப் பொருத்தினால் அந்தப் பொய் நிற்காது. மூன்றும் தட்டையாக இருந்தாலொழிய எல்லாம் எல்லாவற்றோடும் பொருந்தாது. அளவுகோலே இல்லாமல் தட்டையைப் பிறப்பிக்கும் வழி! என் கொட்டகைக்கு அவ்வளவு நுணுக்கம் வேண்டாம். நட்டும் நரம்பும் போதும்.

எர்த்தைப் பற்றி இரண்டு வார்த்தை. துரு மேல் கடிக்கவைத்த கிளாம்ப்தான் பாதி வீட்டுப் பட்டறைகளில் நெருப்பு நிற்காததற்குக் காரணம். அடிச்சட்டத்தில் ஒரு இடத்தை வெள்ளையாகத் தேய்த்து, எர்த் கேபிளை லக் போட்டு போல்டில் நிரந்தரமாக முறுக்கிவிட்டேன். வெல்டிங் நடக்கும்போது கிரைண்டர், டிரில் எதையும் மேசை மேல் வைப்பதில்லை. எர்த் எங்காவது தளர்ந்தால் கரண்ட் அவற்றின் ஒயர் வழியாகத் திரும்பப் பார்க்கும்.

இந்த மேசையில் முதலில் செய்தது ஒரு ஸ்டூல். கூடத்து மொசைக் தரையில் வைத்தேன், ஒரு கால் ஆடியது. பக்கத்து அறையின் கிரானைட்டில் வைத்தேன், ஆடவில்லை. எங்கள் கூடத்துத் தரை கோணல் என்று இருபது வருஷத்துக்குப் பிறகு தெரிந்தது.

பழைய மேசை வாங்கப் போகிறவர்கள் ஒரு சுருள் நரம்பும் ஒரே பொட்டலத்து நட்டு ஐந்தும் எடுத்துக்கொண்டு போங்கள். கடைக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும். வாங்கியதும் ராடைத் தொடாமல் முதலில் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கம் பாருங்கள்.